பழைய கேபினெட்டுக்குள்ள ஒரு காலி ஸ்லாட்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வைத்தியம்

கொஞ்சம் நீளமான இழை. டீயைக் கையில வெச்சுக்கிட்டுப் பொறுமையா படிங்க.

"வீட்ல பத்து வருஷப் பழைய டெஸ்க்டாப் இருக்கு டாக்டர். பையன் கேம் ஆடணும்னு அடம் பிடிக்கறான். கடையில கேட்டா புதுசு வாங்கிடுங்க, ஈஎம்ஐ போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க. பழசையே தேத்த முடியாதா?"

சுகர், பிரஷர் கேள்விகளுக்கு நடுவுல இந்தக் கேள்வியும் அடிக்கடி வருது. சுருக்கமான பதில்: பெரும்பாலும் தேத்தலாம்.

ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. உங்க செல்போன்ல ரேமைக் கழட்டி வேற மாட்ட முடியுமா? முடியாது. டிவி பழசானா உள்ளே ஒரு கார்டு சொருகிப் புதுசாக்க முடியுமா? முடியாது. டெஸ்க்டாப்ல மட்டும் எப்படி முடியுது?

அது இயற்கையா அமைஞ்சது இல்லை. 40 வருஷத்துக்கும் மேல நடந்த இழுபறியில நமக்குக் கிடைச்ச உரிமை. அந்தக் கதை தெரிஞ்சா, எதை முதல்ல மாத்தணும்ங்கறதும் தானா புரிஞ்சிடும்.

1977. ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் வருது. அதை வடிவமைச்ச ஸ்டீவ் வாஸ்னியாக் உள்ளே 8 ஸ்லாட் வெச்சார். ரெண்டு போதும்ங்கறது ஸ்டீவ் ஜாப்ஸோட கட்சி. வாஸ்னியாக் விட்டுக் கொடுக்கல.

ஸ்லாட்னா என்ன? வீடு கட்டும்போது கையில இருக்கற காசுக்குத் தரைத்தளம் மட்டும் கட்டிட்டு, மேல தூண் கம்பிகளை நீட்டி விட்டு வைப்போம் இல்லையா? பின்னாடி காசு வரும்போது மாடி எழுப்பிக்கலாம். ஸ்லாட்டும் அதே கணக்குதான்.

1981 ஆகஸ்ட் 12. ஐபிஎம் தன்னோட பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்துது. ஃபுளோரிடாவில் போக்கா ரடோன் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சின்னக் குழு சுமார் ஒரே வருஷத்துல செஞ்ச மெஷின் அது. ஆரம்ப விலை 1,565 டாலர். மெமரி வெறும் 16 கேபி.

ஐபிஎம் அதுவரை எல்லாத்தையும் தானே செய்யற கம்பெனி. ஆனா இந்தத் தடவை நேரம் இல்லை. அதனால பிராசஸர் இன்டெல்லிடம் வாங்கினாங்க, டாஸ் மைக்ரோசாஃப்டிடம் வாங்கினாங்க, ஃபிளாப்பி டிரைவ் வெளியில வாங்கினாங்க. உள்ளே 5 ஸ்லாட் வெச்சாங்க. சர்க்யூட் வரைபடத்தோட ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் விலைக்கு விட்டாங்க. யார் வேணும்னாலும் கார்டு செஞ்சு விக்கலாம்.

ஐபிஎம்முக்குன்னு சொந்தமா இருந்த முக்கியமான சமாச்சாரம் பயாஸ் மட்டும்தான். மெஷினை ஆன் பண்ணினதும் முதல்ல ஓடற சின்ன புரோகிராம். அதைக் காப்பி அடிச்சா கேஸ் போடலாம்.

இங்கதான் காம்பேக் கம்பெனி வந்தது. ஒரு குழு ஐபிஎம் பயாஸை ஆராய்ஞ்சு, அது என்னென்ன வேலை செய்யுதுன்னு மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த கோடைக் கண்ணால பார்க்காத இன்னொரு குழு, அதே வேலையைச் செய்யற பயாஸைப் புதுசா எழுதினது. 1982 நவம்பர்ல மெஷினை அறிவிச்சாங்க. 1983-ல் மட்டும் 53 ஆயிரம் வித்தது. 1984-ல் பீனிக்ஸ் என்ற கம்பெனி இதே பாணியில் பயாஸ் எழுதி, கேட்கறவங்களுக்கெல்லாம் உரிமம் கொடுக்க ஆரம்பிச்சது. அப்புறம் ஊர் ஊரா பிசி செய்யற கம்பெனிகள் முளைச்சது.

அரசு மருத்துவமனையில வேலை பார்க்கற எனக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. 1970-ல் நம்ம நாடு கொண்டு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்து விஷயத்துல அதைச் செய்யற முறைக்கு மட்டும்தான் காப்புரிமைன்னு சொல்லுச்சு. அதே மருந்தை வேற முறையில செஞ்சா தப்பில்லை. 2005 வரைக்கும் இருந்த அந்த வழியிலதான் இந்திய ஜெனரிக் மருந்துத் தொழில் வளர்ந்தது. அதே வேலை, வேற வழி, குறைஞ்ச விலை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கற அசெம்பிள்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெனரிக் மாத்திரைதாங்க.

சரி, திறந்த கதவை யாரும் சும்மா விடுவாங்களா?

1984-ல் ஆப்பிள் மேக்கின்டாஷ் வந்தது. 128 கேபி மெமரி, போர்டுலயே பத்தவெச்சது. ஸ்லாட் ஒண்ணு கூட இல்லை. 8 ஸ்லாட் வெச்ச அதே கம்பெனிதான்!

1987 ஏப்ரல்ல ஐபிஎம் பிஎஸ்/2 வரிசையைக் கொண்டு வந்தது. அதோட உயர்ரக மாடல்கள்ல மைக்ரோ சேனல்னு புது வகை ஸ்லாட். வேகம் ஜாஸ்திதான், ஆனா பழைய கார்டு எதுவும் பொருந்தாது. போட்டிக் கம்பெனிகள் அதைப் பயன்படுத்தணும்னா உரிமக் கட்டணம் கட்டணும். திறந்து விட்ட கதவை ஐபிஎம்மே சாத்தப் பார்த்தது. 1988-ல் காம்பேக் தலைமையில 9 கம்பெனிகள் சேர்ந்து, பழைய கார்டும் பொருந்தற மாதிரி ஈசா என்ற ஸ்லாட்டை அறிவிச்சாங்க. கடைசியில ரெண்டுமே மறைஞ்சு இன்டெல்லோட பிசிஐ வந்தது. ஆனா ஒரு விஷயம் உறுதியாச்சு. பழசைத் தூக்கிப் போட்டுட்டு வாங்கன்னு சொன்னா ஜனங்க வர மாட்டாங்க.

இதுல கேம் எங்கே வருது?

கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் ஒரு மெஷின் பத்து வருஷம் தாங்கும். அதைக் கிழவனாக்கினது கேம்தான். 1993 டிசம்பர் 10, ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி டூம் கேமை வெளியிட்டது. முதல் பகுதி இலவசம். 386 பிராசஸர், 4 எம்பி ரேம் இருந்தா ஓடும், ஆனா திக்கும். 486-ல் வழுக்கிட்டுப் போகும். "ரேம் கூட்டணும்"ங்கற பேச்சு பசங்க வாயில வந்தது இந்தக் காலத்துலதான்.

1996-ல் குவேக் வந்தது. அதே வருஷக் கடைசியில 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ சிப் போட்ட கார்டுகள் கடைக்கு வந்தது. என்னைக் கேட்டா, இந்தக் கதையிலேயே அழகான பொருள் இதுதான். அந்தக் கார்டுக்கு 2டி படம் காட்டவே தெரியாது. ஏற்கெனவே இருக்கற சாதாக் கார்டுல இருந்து ஒரு சின்ன ஒயர் வூடூவுக்கு வரும், அங்கிருந்து மானிட்டருக்குப் போகும். கேம் ஆரம்பிச்சா மட்டும் வூடூ வேலையை வாங்கிக்கும். பழசு எதையும் தூக்கிப் போட வேண்டாம், பக்கத்துல ஒண்ணு சேர்த்தா போதும். அப்கிரேடுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

1998 ஆகஸ்ட். இன்டெல் செலரான் 300ஏ. 300 மெகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டிய மலிவு பிராசஸர். போர்டுல பஸ் வேகத்தை 66-ல் இருந்து 100-க்கு மாத்தினா, பெரும்பாலான சிப்புகள் 450-ல் ஓடுச்சு. அதே வேகத்துல இருந்த பென்டியம் 2 பல மடங்கு விலை. கையில காசில்லாதவன் கம்பெனிக்கே பாடம் எடுத்த காலம் அது.

2004 வாக்குல பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கடைக்கு வந்தது. தலைமுறைகள் மாறினாலும் ஸ்லாட்டோட உருவம் மாறல. அதனாலதான் 2011 போர்டுல பல வருஷம் கழிச்சு வந்த கார்டும் உட்காருது. இந்த ஸ்லாட் வழியாவே 75 வாட் மின்சாரம் கிடைக்கும். 2014 பிப்ரவரியில என்விடியா ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டை 60 வாட்டுக்குள்ள கொண்டு வந்தப்போ, தனி பவர் ஒயரே தேவைப்படல. ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின மெஷின்ல இதைச் சொருகி கேம் ஆடறது ஒரு கலாச்சாரமாவே ஆச்சு. 2016-ல் வந்த 1050 டிஐயும் அந்த வழிதான்.

கதவைச் சாத்தற முயற்சி சமீபத்துலயும் நடந்தது. ஏஎம்டி 2017-ல் ரைசன் பிராசஸரை ஏஎம்4 சாக்கெட்டோட கொண்டு வந்தது. 2020 மே மாசம், அடுத்து வரப்போற ரைசன் 5000 வரிசை பழைய போர்டுகள்ல வேலை செய்யாதுன்னு அறிவிச்சாங்க. வாங்கினவங்க கொந்தளிச்சாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள 400 வரிசை போர்டுகளுக்கு அனுமதி வந்தது. 2022-ல் 2017-ன் 300 வரிசைக்கும் வந்தது. அதே ஏப்ரல்ல வந்த 5800எக்ஸ்3டி, அப்போ கேமுக்கு உலகத்துலயே வேகமான பிராசஸர்கள்ல ஒண்ணு. அதை 5 வருஷப் பழைய போர்டுல மாட்டலாம். கத்தினதுக்குக் கிடைச்ச பலன் இது.

இப்போ சாத்தப்படற கதவு எது தெரியுமா? விண்டோஸ். 2021-ல் வந்த விண்டோஸ் 11, இன்டெல்னா பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும், டிபிஎம் 2.0 வேணும்னு சொல்லுது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. நல்லா ஓடிட்டு இருக்கற மெஷின்கள் ஒரே அறிவிப்புல "காலாவதி" ஆகிடுச்சு. நோயாளி நல்லாத்தான் இருக்கார், கேஸ் ஷீட்டை மட்டும் மூடிட்டாங்க.

இதுக்கும் ஒரு பக்கவாசல் இருக்கு. 2018 ஆகஸ்ட்ல வால்வ் கம்பெனி புரோட்டான் என்ற மென்பொருளை ஸ்டீம்ல சேர்த்தது. விண்டோஸ் கேம்கள் பலதும் லினக்ஸ்ல ஓட ஆரம்பிச்சது. எல்லாமே ஓடாது. உதாரணத்துக்கு வேலரன்ட் ஓடாது. பையன் எதை ஆடறான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

சரி, வரலாறு போதும். வைத்தியத்துக்கு வருவோம். முதல்ல டயக்னோசிஸ், அப்புறம்தான் மருந்து.

கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. கிராஃபிக்ஸ் கார்டு 100-ஐத் தொட்டு பிராசஸர் ஓய்வா இருந்தா, கார்டுதான் பிரச்னை. பிராசஸர் 100-ல் முட்டிக்கிட்டு கார்டு சும்மா இருந்தா, புதுக் கார்டு வாங்கறது வீண் செலவு. ரேம் நிரம்பி வழிஞ்சா அது தனி.

மருந்து வரிசை இதுதான்:

முதல்ல தூசி. கேபினெட்டைத் திறந்து சுத்தம் பண்ணி, பிராசஸர் மேல தெர்மல் பேஸ்ட் புதுசா போடுங்க. சூடானா பிராசஸர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். பழைய மெஷினோட பாதி வியாதி இங்கேயே குணமாகும்.

ரெண்டாவது, ஹார்ட் டிஸ்க் இருந்தா எஸ்எஸ்டி. கேம்ல ஃபிரேம் பெரிசா கூடாது, ஆனா காத்திருக்கற நேரம் விழுந்துடும்.

மூணாவது, ரேம். ஒரே 8 ஜிபி குச்சி இருந்தா, அதே வகையில இன்னொண்ணு போடுங்க. ஜோடியா போட்டா வேகமும் கூடும். பழைய மெஷினுக்கு டிடிஆர்3 வேணுமா டிடிஆர்4 வேணுமான்னு பார்த்துட்டுப் போங்க.

நாலாவது, எஸ்எம்பிஎஸ். கார்டு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. பெயர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ் போனா, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போகலாம். இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆபீஸ் மெஷின்கள் சிலதுல பவர் கனெக்டரே தனி வகை. அங்க 75 வாட்டுக்குள்ள இருக்கற கார்டுதான் பத்தியம்.

அஞ்சாவது, கிராஃபிக்ஸ் கார்டு. ரெண்டு எச்சரிக்கை. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி, 4 லேன் மட்டும் பயன்படுத்தற கார்டு பழைய போர்டுல முழு வேகம் தராது. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் வசதி வேணும், அது பல பழைய போர்டுல கிடையாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா, கார்டு ஓடறதைக் கண்ணால பார்க்காம காசு கொடுக்காதீங்க. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னப்போ சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிட்டு இருக்கு. ஃபேனும் பேஸ்டும் பார்த்து வாங்கணும்.

கடைசியா பிராசஸர். அதே சாக்கெட்ல போகக்கூடிய பெரிய பிராசஸர் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா, போர்டை மாத்தாமலே காரியம் முடியும். 1155 சாக்கெட்ல ஐ3 வெச்சிருக்கறவங்க, போர்டு ஏத்துக்கிட்டா ஐ7 3770 வரை போகலாம். ஆனா புதுக் கேம்கள் சிலது ஏவிஎக்ஸ்2 கேட்கும், அது இன்டெல்ல 2013-ன் 4-வது தலைமுறையிலதான் வந்தது. இந்த நிலைமை வந்தா போர்டு, ரேம், பிராசஸர் மூணும் மாத்தணும். அந்தக் கணக்கு புது மெஷின் விலையை நெருங்கினா, நிறுத்திடுங்க. எல்லா நோயாளிக்கும் ஆபரேஷன் பண்ணிட முடியாது, அதுவும் வைத்தியம்தான்.

இன்னைக்கு வர்ற லேப்டாப்கள் பலதுல ரேம் போர்டோட பத்தவெச்சே வருது. 1984 மேக் திரும்பி வந்த மாதிரி இருக்கு. திறந்து பார்க்க முடியற, ஒண்ணைக் கழட்டி ஒண்ணு மாட்ட முடியற பொருள் வீட்ல குறைஞ்சுக்கிட்டே போகுது. பணம் உள்ளவங்களுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. மாசச் சம்பளத்துல குடும்பம் நடத்தறவங்களுக்கு இது நேரடி நஷ்டம்.

அதனால அந்தப் பழைய டப்பாவைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, பையனையோ பொண்ணையோ பக்கத்துல உட்கார வெச்சு, பக்கவாட்டு மூடியைக் கழட்டுங்க. எந்த ஸ்லாட் காலியா இருக்குன்னு அவங்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

சந்தேகம் இருந்தா உங்க மெஷினோட பிராசஸர், போர்டு, எஸ்எம்பிஎஸ் விவரத்தைப் பின்னூட்டத்துல போடுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.