உயிர்க்கலத்தின் நிறமாலை: மக்மன் முதல் கெயிலின் வரை

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் மரபு இன்னும் வலுவாகவே உள்ளது. ஒரு கருவி எத்தகைய சமூகச் சூழலிற் பிறந்தது, அதன்வழிக் கிடைத்த சான்றை ஏற்கவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றிருந்தோர் யாவர் என்னும் வினாக்கள் அம்மரபில் எழுவது அரிது. உயிருள்ள கலத்தைச் சிதைக்காது, அதனூடு வரும் ஒளியைக் கொண்டே அதன் உட்பொருளை அறிய முயன்ற வரலாறு இவ்வினாக்களைத் தவிர்க்க இடந்தராது.

1865 அளவில், உருக்குத் தொழில்நகரான ஷெவ்பீல்டில், ஹென்றி கிளிவ்ரன் சோர்பி நுணுக்குக்காட்டியோடு நிறமாலைகாட்டியை இணைத்தார். வெட்டுக்கருவித் தொழிலிற் குடும்பம் ஈட்டிய செல்வமே ஊதியங் கருதாது ஆராயும் ஓய்வை அவருக்கு அளித்தது. உருக்கின் உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த முன்னோடியும் அவரே என்பது தற்செயலன்று. நிறப்பொருள் ஒவ்வொன்றும் ஒளியிற் சில நிறங்களை உறிஞ்சி, நிறமாலையிற் கரும்பட்டைகளை விடுகின்றது. பட்டைகள் விழும் இடமே அப்பொருளுக்கு அடையாளம். சிறு குருதிக்கறையையும் இவ்வாறு இனங்காண முடிந்தது.

அக்கருவியை உயிரிழையங்களின்மீது திருப்பியவர் வூல்வர்ஹம்ரனில் மருத்துவத் தொழில் நடத்திய அயர்லாந்தவரான சார்ள்ஸ் மக்மன். குதிரைலாயத்தின் மேலிருந்த வைக்கோற்பரணே அவரது ஆய்வுகூடம். பூச்சிகள் முதற் பாலூட்டிகள் ஈறாகப் பல விலங்குகளின் இழையங்களில் நான்கு பட்டைகள் தோன்றுவதைக் கண்ட அவர், அவை சுவாசத்தோடு தொடர்புடைய ஒரு நிறப்பொருளுக்குரியவை என 1884 முதல் எழுதினார். 1889 இல் ஸ்ராஸ்பூர்க்குப் பேராசிரியர் ஹொப்பே-செய்லரின் மாணவர் லெவி இதனை மறுத்தார்: பட்டைகள் ஈமோகுளோபினின் சிதைவுப் பொருளுக்கே உரியன என்றார். மறு ஆண்டில் மக்மனின் விடை வெளியாயிற்று. அதனுடன், மேற்கொண்டு விவாதித்தல் தேவையற்றது என்னும் குறிப்பொன்றும் வெளியாயிற்று. அச்சஞ்சிகையின் ஆசிரியர் ஹொப்பே-செய்லரே.

இதனைப் பேராசிரியருக்கும் நாட்டுப்புற மருத்துவருக்குமிடையிலான அதிகார முரண்பாடாக மட்டுங் காண்பது எளிது. ஆனால் அது போதாது. மக்மன் தசையிலிருந்து பிரித்தெடுத்த கரைசலைப் பொறுத்தவரை லெவியின் மறுப்பிற் பெரிதும் உண்மையிருந்தது. அன்றைய இரசாயனம் குடுவையிற் பிரித்தெடுக்கக்கூடியதையே பொருளென ஏற்றது. மக்மனும் அவ்வளவுகோலுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து, தமது வலுவான சான்றை, அதாவது சிதையாத இழையத்தின் நிறமாலையை, பின்தள்ளினார் எனலாம். ஈமோகுளோபின் இல்லாத பூச்சித் தசைகளிலும் அதே பட்டைகள் தெரிந்தன என்னும் வாதமோ உரிய கவனம் பெறவில்லை. மக்மன் 1911 இல் காலமானார்.

1925 இல் கேம்பிறிட்ஜில் டேவிட் கெயிலின் அப்பட்டைகளை மீண்டும் நிலைநாட்டினார். மொஸ்கோவிற் பிறந்த இவர் ஒட்டுண்ணியியலாளர். குதிரைவயிற்று ஈக்களை ஆராய்கையில் இவ்விடயத்துக்கு வந்தவர். மதுவக் கலங்கள் கலந்த நீரை வளியுடன் குலுக்கப் பட்டைகள் மறைந்தன. சிறிது நேரம் வாளாவிட, கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தியதும் அவை மீண்டன. சுவாசம் நிகழ்கையிலேயே கண்ணுக்குப் புலப்பட்டது! மக்மனுக்கு உரிய இடத்தை அளித்த கெயிலின், ஒரு விடயத்தில் அவரினும் வேறுபட்டார். நான்கு பட்டைகளும் ஒரே பொருளுக்குரியன என்பது மக்மனின் கருத்து. ஏறத்தாழ 605, 566, 550 நனோமீற்றரில் விழும் மூன்று பட்டைகளின் வலிமை உயிரிக்கு உயிரி வெவ்வேறாக மாறுவதைக் கெயிலின் கண்டார். எனவே நிறப்பொருள்கள் மூன்று என்றும், 521 அளவிலுள்ள நான்காவது அம்மூன்றின் கூட்டுப்பட்டை என்றும் பிரித்தறிந்தார். சைற்றோகுரோம் எனப் பெயர் பெற்றவை அவையே. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலையைப் பதியும் இன்றைய நுணுக்குக்காட்டிகளிற் கணினி செய்யும் பிரிப்புவேலையும், ஒன்றன்மேலொன்று படிந்த பட்டைகளை இவ்வாறு வேறாக்குவதேயாகும்.