வேகவதிக் கரையில் ஒரு நாள்

காஞ்சி மாநகரைச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என இரு கூறாகப் பலரும் அறிவர். ஜினகாஞ்சி என மூன்றாவது கூறும் உண்டு என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளிலேயே பலர் அறியார். வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றமே அது. காலையில் காஞ்சியிலிருந்து புறப்பட்டால் நண்பகலுக்குள் தரிசித்துத் திரும்பிவிடலாம். கயிலாசநாதர் கோயிலின் சிற்பங்களைக் கண்ட கண்ணுக்கு இவ்வூர்க் கோயில்கள் எளியனவாகவே தோன்றும். ஆயினும் இவற்றின் தொன்மை எளியதன்று.

பல்லவ மன்னன் சிம்மவர்மன் தனது 6-ஆம் ஆட்சியாண்டில், பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு உரைக்கிறது. நம் அறத்தின் வேர் இம்மண்ணில் எத்துணை ஆழமானது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று. சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் பாணிக்குச் சான்றாக நிற்கிறது. அருகிலுள்ள திரைலோக்கியநாதர் கோயிலிலோ சோழ மன்னர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

விசயநகரப் பேரரசின் தண்டநாயகரான இருகப்பர் 1382-இல் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இக்கோயிலுக்கு அளித்தார். தம் குருவாகிய புஷ்பசேன முனிவரின் சொற்படி 1387-88-இல் சங்கீத மண்டபத்தையும் எடுப்பித்தார். விசயநகரத்தில் குந்து ஜினாலயத்தை அமைத்தவரும் இவரே. போர்த்தொழிலில் நின்ற ஒருவர் அகிம்சை நெறிக்குப் புரவலராய் விளங்கியது எண்ணி மகிழத்தக்கது.

அம்மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து நோக்கினால் இடபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக விரியும். நேமிநாதரின் வரலாற்றோடு கண்ணனின் பிள்ளைப் பருவமும் தீட்டப்பட்டுள்ளது. ஓவியங்களின் கீழே தமிழில் விளக்கம் எழுதி வைத்துள்ளனர். கல்லாதார் படம் பார்த்தும், கற்றார் எழுத்தைப் படித்தும் அறம் உணரட்டும் என்று முன்னோர் கருதினர் போலும்.

கோயிலின் உள்ளே குராமரம் ஒன்று உண்டு. தன் அளவில் குறையாமலும் மிகாமலும் நின்று, மன்னவனின் செங்கோல் நலத்தைக் காட்டும் 'தருமக் குரா' என அங்குள்ள பழம்பாடல் அதனைப் போற்றுகிறது. மேருமந்தர புராணம் அருளிய வாமன முனிவரின் நினைவும் இவ்வூரோடு பிணைந்தது. அவருடைய மாணவரே புஷ்பசேனர்.

பல்லவர் போயினர், சோழர் போயினர், விசயநகரமும் வீழ்ந்தது. கொடுத்த ஊர்கள் கைமாறின. எனினும் இன்றும் இங்கே விளக்கு எரிகிறதென்றால், அது அரசர் அளித்த கொடையால் மட்டும் அன்று. தலைமுறைதோறும் வந்து வணங்கிய குடும்பங்களாலேயே ஆகும். மேல்சித்தாமூர் மடம் ஜினகாஞ்சி என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்பதும் அத்தொடர்ச்சியின் அடையாளமே.

கல்வெட்டு நெடுநாள் நிலைக்கும். சுண்ணத்தில் தீட்டிய வண்ணம் அவ்வாறு நிலைக்காது. விதானத்தின் சில பகுதிகள் மங்கியும் உதிர்ந்தும் போய்விட்டன. ஆகவே, அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். ஓவியத்தைக் கையால் தொடாமல், அதன் கீழுள்ள தமிழ் வரியை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் செய்வோம். படித்ததை ஓர் ஏட்டில் எழுதி வரட்டும். எழுத்து அழியும் முன் அதனைப் படிக்கும் கண்களை உருவாக்குவது நம் கடமை.

அறம் வளர்க!