திருவொற்றியூர்ப் புல்லட்: ஒரு பராமரிப்பு வரலாறு

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை வாங்கிப் பல்லாண்டுகள் பேணி ஓட்டியோர் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் உற்பத்தியான புல்லட் மோட்டார் சைக்கிளை ஆராயப் புகுவோர் இக்குறையை எளிதில் உணர்வர்.

இங்கிலாந்தின் றெடிச் நகரத்து றோயல் என்பீல்ட் கம்பனி 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் அக்கம்பனியின் 350 சீசீ புல்லட்டைத் தெரிந்தெடுத்தது. அதன் பயனாக, மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 1955இல் என்பீல்ட் இந்தியா தோற்றம் பெற்றது. முதலில் இங்கிலாந்துப் பாகங்கள் இங்கு பொருத்தப்பட்டன. பின்னர் பாகங்களும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. தாய்க் கம்பனியோ 1967இல் றெடிச் தொழிற்சாலையை மூடி, 1970இல் உற்பத்தியையே நிறுத்தியது. 1977இல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. குடியேற்றக் காலத்து வணிகத்தின் திசை இவ்வாறு தலைகீழானமை தனி ஆய்வுக்குரியது.

இக்காலம் முழுவதும் புல்லட்டின் இயந்திர அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. இதனை மரபின்மீது கொண்ட பற்று எனச் சிலர் போற்றுவர். அக்கூற்று விளம்பரத்துக்குப் பொருந்துமேயன்றி வரலாற்றுக்குப் பொருந்தாது. 1951ஆம் ஆண்டின் கைத்தொழில் அபிவிருத்தி, ஒழுங்குபடுத்தற் சட்டம் உற்பத்தியை அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டுப்படுத்தியது. இறக்குமதிக்கும் கடுந்தடைகள் இருந்தன. போட்டியற்ற சந்தையில் மாற்றஞ் செய்யவேண்டிய நிர்ப்பந்தம் எழவில்லை. எண்ணெய்க் கசிவும், உதைத்தும் எளிதில் உயிர்பெறாத இயந்திரமும் வாங்கியோரின் தலையில் விடிந்தன.

ஆயினும் அதே தேக்கமே அவர்களுக்கு ஒரு சுதந்திரத்தையும் அளித்தது. மைசூர் ஜாவாவும் ராஜ்தூத்தும் இரண்டடிப்பு இயந்திரங்கள். அவற்றில் புல்லட்டினது போன்ற வால்வுகள் இல்லை. நான்கடிப்பு இயந்திரமான புல்லட்டில் வால்வு இடைவெளியை அவ்வப்போது சீர்செய்தல் இன்றியமையாதது. இறுக்கம் மிகுந்தால் வால்வு முற்றாக மூடாது; அமுக்கம் குறையும்; புறம்போக்கு வால்வு நாளடைவில் கருகும். தளர்ந்தாலோ ஓசை மிகும், பாகங்கள் தேயும்.

இவ்வேலைக்குப் பெற்றோல் தாங்கியைக் கழற்ற வேண்டியதில்லை. உருளையின் வலப்புறத்தே ஒரு நட்டினால் இறுக்கப்பட்ட சிறு மூடியைத் திறந்தாற் போதும். இரு தள்ளுதண்டுகளின் கீழ்முனைகள் தென்படும். இயந்திரம் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். ஆடுதண்டு அமுக்க அடிப்பின் உச்சியில் நிற்க வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்திச் சீராக்கியைத் திருப்புகையில், தண்டு விரலாற் சுழலவேண்டும். ஆனால் மேலுங் கீழும் ஆடலாகாது. அதுவே சரியான அளவு. இடைவெளி அளக்கும் தகட்டுக்குக்கூடத் தேவையில்லை. மூன்று சிறு ஸ்பனர்களும் பொறுமையும் உள்ள எவரும் பழகக்கூடிய வேலை இது. பூட்டு நட்டை இறுக்கும்போது சீராக்கியும் உடன் திரும்பிவிடும் என்பதால், இறுக்கியபின் மீண்டும் தண்டைச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும்.

உதிரிப்பாகங்களின் கதையும் இதனோடு தொடர்புடையது. அமைப்பு மாறாமையால் ஓராண்டு வண்டியின் பாகங்கள் பல வேறோராண்டு வண்டிக்கும் பொருந்தின. பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளும், டில்லி கரோல்பாக் கடைகளும் குறைந்த வருவாயுடையோருக்குக் கைகொடுத்தன. கம்பனி முத்திரையற்ற போலிப் பாகங்களும் அச்சந்தையில் கலந்திருந்தன. ஆணி, மூடி, கம்பி போன்றவற்றிற் போலி பெருந்தீங்கு செய்யாது. வால்வு, சங்கிலி ஆகியவற்றில் மலிவைத் தேடியவர் இருமுறை பணம் கொடுக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் பழைய றெடிச் புல்லட்டைப் பேணியோரும் இந்தியப் பாகங்களை வரவழைத்துப் பொருத்தினர். தொழிற்சாலை மூடிய நாட்டில் வண்டி உயிர்வாழ்ந்தமைக்கு இதுவுமொரு காரணம்.

1980களின் நடுவில் இந்திய - யப்பானியக் கூட்டு முயற்சியான ஹீரோ ஹொண்டாவின் சிறு நான்கடிப்பு வண்டிகள் வரவே, எரிபொருட் சிக்கனத்தில் புல்லட் பின்தங்கியது. நலிவுற்ற கம்பனி 1994இல் ஐசர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய நிலையில், 2008க்குப் பின்னர் படிப்படியாக வார்ப்பிரும்பு இயந்திரம் கைவிடப்பட்டது. அதனிடத்தைப் பெற்ற புதிய இயந்திரத்தில் எண்ணெய் அழுத்தத்தால் தாமே சரிசெய்துகொள்ளும் டப்பெற்றுகள் அமைந்தன. கசிவு குறைந்தது, வால்வு சீராக்கும் வேலையும் ஒழிந்தது. உருளையின் பக்கத்திலிருந்த அச்சிறு மூடியும் அதனுடன் மறைந்தது.