இரவலரும் காவலரும்: மலாக்கா மண்ணில் இருநூறு ஆண்டுகள்



எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சிறு நகரத்தின் கோயில் வாசலில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பிள்ளைகள் அவரைப் 'பால்மரத் தாத்தா' என்றே அழைப்பர். ஒரு வெள்ளிக்கிழமை அவர் அங்கில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. "யாரோ புகார் கொடுத்தார்களாம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று பூக்கடை அம்மா கூறினார்.

திங்கட்கிழமை வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தத் தாத்தாவை எங்கே கொண்டு போனாங்க?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை என்பதே என்னை அதிகம் வருத்தியது. அந்த வருத்தத்தில் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஈகையின் தெரு

மலாக்கா நகரின் பொற்கொல்லர் தெருவை நாம் அனைவரும் அறிவோம். அங்கே 1781-ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. சில அடிகள் தள்ளி 1748-ஆம் ஆண்டைச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதே தெருவின் தொடர்ச்சியில் 17-ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்று சமயத்தாரும் தத்தம் வாசலில் நின்ற ஏழைக்குக் கொடுப்பதை அறமாகக் கற்றவர்கள். மாசிமகத்தன்று செங் சன்னாசிமலைக்குச் செல்லும் நம் மக்கள், வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் வைக்கிறார்கள். ஆகவே, கொடுக்கும் கை இந்த மண்ணுக்குப் புதிதன்று. அப்படியானால் ஏந்தும் கை எப்போது குற்றவாளியின் கையாயிற்று?

1824: ஓர் ஆண்டு, இரண்டு ஏடுகள்

1824-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதன்படி மலாக்கா ஆங்கிலேயர் வசமாயிற்று. நம் பாடநூல்கள் இதைச் சொல்கின்றன.

அதே ஆண்டு ஜூன் மாதம், அதே இலண்டனில், இன்னொரு சட்டம் நிறைவேறியதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. அதுதான் அலைந்து திரிவோர் பற்றிய சட்டம். நெப்போலியப் போர்கள் முடிந்து, வேலையின்றித் திரும்பிய படைவீரர்களும் நிலமிழந்த உழவர்களும் தெருக்களில் திரிந்த காலம் அது. பிச்சை எடுப்போரைச் சிறையிலிட அச்சட்டம் வழிசெய்தது. உடலின் புண்ணையும் ஊனத்தையும் காட்டி இரந்தவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல்! வறுமையைக் காவலர் கையில் ஒப்படைக்கும் இந்தச் சிந்தனை ஆங்கிலேயரின் கப்பலில் ஏறிக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் சென்றது. சென்னை மாகாணத்தில் 1945-ஆம் ஆண்டு பிச்சை எடுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. நம் நாட்டுச் சட்டங்களிலும் அதன் சாயலைக் காணலாம்.

இதற்கு மாறாக எண்ணிய ஒருவரை இதே மலாக்கா ஈன்றது என்பது நமக்குப் பெருமை. 1798-ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தவர் தான் தோக் செங். 1819-இல் சிங்கப்பூருக்குச் சென்று காய்கறி விற்றுப் படிப்படியாகச் செல்வந்தரானவர். அக்காலத்துச் சிங்கப்பூர்த் தெருக்களில் நோயுற்ற இரவலர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தனர். அவர்களுக்கென மருத்துவமனை கட்ட 7,000 ஸ்பானிய வெள்ளியை அவர் வழங்கினார். 1844-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அவர் பெயரால் விளங்கும் பெரிய மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். தெருவில் கிடப்பவனைக் கண்டதும் ஒருவர் காவலரை அழைக்கிறார், இன்னொருவர் மருத்துவரை அழைக்கிறார். இந்த இரண்டு வழிகளும் அன்றே நம் முன் இருந்தன.

தோட்டத்திலிருந்து தெருவுக்கு

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு தான் சாய் யான் இரப்பர் பயிரிட்டார். தொடர்ந்து புக்கிட் அசகானிலும் பயிரிட்டார். அத்தோட்டங்களைச் செழிக்க வைக்க நம் முன்னோர்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை நிலவிய காலத்தில், தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறுவது சிறைக்குரிய குற்றம். எனவே, சாலையில் தனியே நடந்துவரும் தமிழன் காவலரின் கண்ணுக்கு முதலில் சந்தேகத்துக்குரியவனாகவே தெரிந்தான். 1910-இல் புதிய ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது நிறுத்தப்பட்டது. அந்தப் பார்வை மட்டும் அத்துடன் நின்றுவிடவில்லை.

பிறகு 1930-களின் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இரப்பர் விலை சரிந்தது. வேலையிழந்த தமிழர்கள் நகரங்களில் கையேந்தினர். அதற்கு அரசு கண்ட தீர்வு கப்பல்! 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வறுமை தீரவில்லை, கண்ணுக்கு மறைந்தது. அவ்வளவே.

ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குப் போன தோட்டத்து ஆண்கள் பலர் திரும்பவில்லை. கைம்பெண்களும் அனாதைகளும் எஞ்சினர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். வேலை போனால் லயத்து வீடும் போகும். இதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூர் நோக்கி நடந்தே புறப்பட்டனர். அவர்கள் வேண்டியது பிச்சையன்று, நியாயம். 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு முறை வந்தபோது, குடியுரிமை இல்லாத பல்லாயிரம் இந்தியர்கள் வேலையிழந்து நாட்டை விட்டே போயினர்.

குடியுரிமை பெறாமலேயே இங்குத் தங்கிவிட்ட முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். சமூகநலத் துறையின் மாத உதவித்தொகை குடிமக்களுக்கே உரியது. வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிய ஒருவர் கோயில் வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? சோம்பல்தான் காரணம் என்று சொல்லுமுன், இந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.

1977-ஆம் ஆண்டின் சட்டம்

இன்று நம் நாட்டில் நடப்பிலுள்ளது 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும் வகையில் பிச்சை எடுப்பவர் அச்சட்டத்தின்படி 'ஆதரவற்றவர்' ஆவார். பிச்சையே எடுக்காவிட்டாலும், பிழைக்க வழியோ தங்க இடமோ இன்றிப் பொது இடத்தில் சும்மா இருப்பவரும் அதில் அடங்குவார்.

சமூகநல அதிகாரி அவரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். காவலரின் துணையையும் நாடலாம். 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் கொண்டுநிறுத்த வேண்டும். விசாரணை அறிக்கைக்காக ஒரு மாதம் வரை நல இல்லத்தில் வைக்கலாம். பிறகு மூன்று ஆண்டுகள் வரை அங்கேயே தங்குமாறு ஆணையிடலாம். அந்தக் காலத்தை நீட்டிக்கவும் இயலும். உடன்வர மறுத்தாலோ இல்லத்திலிருந்து தப்பிச் சென்றாலோ மூன்று மாதம் வரை சிறை.

நல இல்லங்கள் தீயவை என நான் கூறவில்லை. ஜொகூரின் மெர்சிங்கிலும் பகாங்கின் ஜெராண்டுட்டிலும் 'டேசா பினா டிரி' என்னும் இல்லங்கள் உள்ளன. நம் மலாக்காவின் செங்கில் முதியோருக்கான 'ரூமா ஸ்ரீ கெனாங்ஙான்' உள்ளது. மழைக்கு ஒதுங்க இடமும் வேளைக்கு உணவும் கிடைப்பது சிறிய உதவியன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். திருடியவன்மேல் குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. அவன் மறுத்துப் பேசலாம். தண்டனை இவ்வளவு என்று தெரியும். ஏழையாய் இருந்தவர்மேல் குற்றச்சாட்டே இல்லை. எனினும் அவர் விரும்பியபோது வெளியே வர இயலாது!

இந்தச் சட்டத்தில் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ளத் தகுந்த ஒருவர் முன்வந்தால் அவரை விடுவிக்க இடமுண்டு. ஆனால் கேட்டு வருவதற்கு ஆள் வேண்டும்.

யார் கேட்பது?

காவல்துறை பொறுப்புடன் நடக்க வேண்டும் என்னும் குரல் நம் நாட்டில் புதிதன்று. 2004-இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 2005-இல் அது 125 பரிந்துரைகளை வழங்கியது. காவலர் மீதான புகாரை விசாரிக்கத் தனித்தியங்கும் ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் தடுப்புக்காவலில் இருந்த அ. குகன் இறந்தார். அவருடைய தாயார் விடாது வழக்காடினார். 2013-இல் உயர்நீதிமன்றம் காவல்துறையையும் அரசையும் பொறுப்பாளிகளாக்கித் தீர்ப்பளித்தது. காவலரின் நடத்தை பற்றிய சுயேச்சைப் புகார் ஆணையம் 2022-இல் சட்டமாகி, 2023 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு நேரடியாக இல்லை என்னும் குறையும் சொல்லப்படுகிறது.

குகன் இரவலர் அல்லர். அவரைப் பற்றி இங்கே நான் எழுதுவதற்குக் காரணம் அவருடைய தாயார். எத்தனை ஆணையங்கள் இருந்தாலும், "என் மகனுக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்க ஒருவர் இருந்தால்தான் சட்டம் அசைகிறது. கோயில் வாசலில் இருந்த முதியவருக்கு அப்படிக் கேட்க யார் இருக்கிறார்? புகார் கொடுக்க ஊரே இருக்கிறது. போனவர் என்ன ஆனார் என்று கேட்க ஒருவருமில்லை.

2014 ஜூலையில் கோலாலம்பூரில், நகர மையத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் ஏழைகளுக்கு உணவு வழங்கக் கூடாதென அறிவிக்கப்பட்டது. பிச்சை இடுவோருக்கும் அபராதம் என்றார்கள். பொதுமக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். அறிவிப்பும் தளர்த்தப்பட்டது. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு, டில்லி உயர்நீதிமன்றம் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் பொதுநல ஆர்வலர்கள் கேட்டதால்தான் வந்தது.

நம் இலக்கியம் காட்டும் வழி

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இரவுக்கும் இரவச்சத்துக்கும் தனித்தனி அதிகாரங்கள் வைத்தார். இரப்பதன் இழிவை அறிந்தவர்தான், இரப்பவர்மேல் பரிவையும் வைத்தார். மணிமேகலைக் காப்பியத்தில் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்றே ஒரு பகுதி உள்ளது. அமுதசுரபியால் சிறைப்பட்டோரின் பசி தீர்த்த மணிமேகலை, அரசனிடம் தனக்காக எதையும் கேட்கவில்லை. அந்தச் சிறையை அறச்சாலையாக்கித் தருமாறு வேண்டினாள். நாமோ, அறச்சாலை ஒன்றைக் கட்டி, உள்ளே போனவர் வெளியே வர முடியாதபடி செய்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம்!

பிள்ளைகளைப் பிச்சைக்குப் பயன்படுத்தும் கும்பல்கள் உண்டு. ஏமாற்றுவோரும் உண்டு. அவர்களைக் காவல்துறை பிடிக்கத்தான் வேண்டும். நான் வேண்டுவது ஒன்றுதான். புகார் கொடுக்கும் கை, கேள்வி கேட்கும் கையாகவும் இருக்கட்டும். யார் அழைத்துச் சென்றார்? எந்த நாளில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்? எந்த இல்லத்தில் வைத்திருக்கிறார்? இந்த மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேட்பதற்கு யாரும் நம்மைத் தடுக்கப் போவதில்லை. ஆலய நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து கேட்டால் அக்குரலுக்கு வலிமை கூடும்.

நானும் கேட்டேன். ஓர் அலுவலகத்தில் தெரியாது என்றனர். இன்னொன்றில் நாளை வாருங்கள் என்றனர். மூன்றாம் நாள் ஓர் அம்மையார் பதிவேட்டைத் திறந்து, இல்லத்தின் பெயரைச் சொன்னார். பெற்றோர் இருவருடன் சென்று பார்த்தேன். தாத்தா நலமாகவே இருந்தார். சட்டையும் தூய்மையாக இருந்தது. "கோயில்ல திருவிழா முடிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அந்த மாணவிக்கு என்னால் விடை சொல்ல முடிந்தது. "சரி ஐயா, அவர் எப்போ வருவார்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்கான விடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரில் தேடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்