பத்தாண்டு ஞாபகம்

ஹியூலட்-பாக்கர்ட் நிறுவனம் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட 3458ஏ என்னும் மல்டிமீட்டர் அளவியல் ஆய்வகங்களில் தனி மதிப்புப் பெற்ற கருவி. எட்டரை இலக்கம் வரை காட்டக்கூடியது. பத்து வோல்ட்டைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றையும் பிரித்தறியும். அத்தகைய கருவி ஒருநாள் காலை விசையைத் தட்டியதும் தன் அளவுத்திருத்த எண்கள் அழிந்துவிட்டன என்று அறிவிக்கிறது. உள்ளே எதுவும் எரியவில்லை, உடையவில்லை. கருநிறக் கட்டி போன்ற ஒரு சில்லுக்குள் புதைந்திருந்த சிறிய லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும்.

எந்த அளவுகருவியும் பிறக்கும்போதே துல்லியமாகப் பிறப்பதில்லை. ஒரே வார்ப்பில் செய்த இரண்டு மின்தடைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே அறிந்த ஓர் அளவைக் கொடுத்து, அதைக் கருவி சரியாகச் சொல்லும்வரை திருத்த வேண்டியிருக்கிறது. 1950களிலும் 60களிலும் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த வால்வு ஆஸிலோஸ்கோப்புகளில் இத்திருத்தம் உள்ளே இருந்த சிறு திருகுகளில் நடந்தது. மேலுறையைக் கழற்றி, கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாகத் திருப்ப வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் திருப்பிய திருகு திருப்பிய இடத்தில் நின்றது. மின்சாரம் இல்லாமல் இருபது ஆண்டுகள் பரணில் கிடந்தாலும், உறுப்புகளின் மூப்பினால் வரும் பிழை இருக்குமேயன்றி, திருகின் நிலை மறந்துபோகாது. அக்காலக் கருவியின் ஞாபகம் என்பது அத்திருகுகளின் கோணம்தான்.

1970களின் பிற்பகுதியில் நுண்செயலிகள் கருவிகளுக்குள் நுழைந்தன. இனி மேலுறையைத் திறக்கவே வேண்டாம்; முகப்பில் அறிந்த மின்னழுத்தத்தைக் கொடுத்தால், எவ்வளவு பிழை என்பதைக் கருவியே கணக்கிட்டு ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும், பிறகு ஒவ்வோர் அளவையும் அந்த எண்ணால் திருத்திக் காட்டும். ஹியூலட்-பாக்கர்ட் நிறுவனத்தின் 3478ஏ இதற்கு நல்ல உதாரணம். முகப்பில் திருப்புளியால் திருப்பும் சிறிய பூட்டு விசை ஒன்று உண்டு; அதைத் திறந்தால்தான் எண்களை மாற்ற முடியும். நூறு திருகுகளின் இடத்தில் ஒன்றே ஒன்று எஞ்சியது.

எண்ணை எங்கே வைப்பது? மின்சாரம் போனாலும் எழுத்து அழியாத சில்லுகள் அன்று இருந்தன. ஆனால் அவை மெதுவானவை, விசித்திரமான மின்னழுத்தங்களைக் கேட்பவை. சாதாரண சீமாஸ் நினைவகமோ மிகச் சொற்ப மின்னோட்டத்தில் உயிர் வாழும். அருகில் ஒரு மூன்று வோல்ட் லித்தியம் பேட்டரியை வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். 3478ஏ அப்படித்தான் செய்தது. 1984இல் தொடங்கப்பட்ட டல்லஸ் செமிகண்டக்டர் இன்னும் ஒரு படி போய், நினைவகத்தையும் பேட்டரியையும் காவல் சுற்றையும் ஒரே பிசின் கட்டிக்குள் அடைத்து விற்றது. பத்தாண்டு தாங்கும் என்பது அதன் வாக்குறுதி. பல சில்லுகள் அதற்கும் மேல் உழைத்தன. நேர்த்தியான வேலைதான்; ஆயினும் உள்ளே எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. கருவியைப் பத்தாண்டில் மாற்றிவிடுவார்கள் என்று வடிவமைப்பாளர்கள் எண்ணியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நல்ல கருவியை யாரும் அப்படித் தூக்கியெறிவதில்லை.

பழுதுபார்ப்பவர் இங்கே எதிர்கொள்ளும் சிக்கல் சுவையானது. எண்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பெற்ற ஒரு சரிபார்ப்புத் தொகையையும் கருவி சேமித்து வைத்திருக்கிறது. விசையைப் போட்டதும் மறுபடி கூட்டிப் பார்த்து, பொருந்தாவிட்டால் முறையிடுகிறது. முறையீடு கேட்டவுடன் பேட்டரியைக் குறை சொல்லிவிடக் கூடாது. மின்சாரம் அணையும் கணத்தில் நினைவகத்தின் கதவைச் சாத்தும் ஒரு காவல் சுற்று இருக்கிறது. அது பிசகினால், தடுமாறி அணையும் செயலி போகிறபோக்கில் எதையாவது கிறுக்கிவிட்டுப் போகும். பேட்டரி புத்தம்புதிதாக இருந்தும் எண்கள் கெடும். அந்தக் கிறுக்கலைப் பேட்டரி பத்திரமாகப் பாதுகாக்கும் என்பது வேடிக்கை. நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்த கருவிகளில் அதன் காரம் கசிந்து, செம்புத் தடங்களையே அரித்திருக்கும். செயலியின் ஆணைகளைத் தாங்கும் ஈப்ராம் சில்லிலும் காலப்போக்கில் மின்னேற்றம் கசியும். அதன் கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒட்டிய தாள் உதிர்ந்திருந்தால் ஒளியும் சேர்ந்து அழிக்கும்.

கருவி இன்னும் உயிரோடு இருக்கும்போதே செய்யவேண்டிய முதல் காரியம், எதையும் கழற்றாமல் படியெடுப்பது. சுவடி பதிப்பித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 3478ஏ கருவியில் இருப்பவை நான்கு பிட் கொண்ட 256 இடங்கள் மட்டுமே; கணினியோடு இணைக்கும் தடத்தின் வழியே, கையேட்டில் சொல்லாத ஓர் ஆணையைக் கொண்டு ஒவ்வொன்றாக வாசித்துவிடலாம். படித்ததை இருமுறை ஒப்பிட்டு, சரிபார்ப்புத் தொகை பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும். தனியாக நிற்கும் பேட்டரியாக இருந்தால், வெளியிலிருந்து ஒரு டையோடு வழியாக மூன்று வோல்ட் கொடுத்துக்கொண்டே பழையதைக் கழற்றலாம். அயர்னின் முனை தரையிணைப்பு உடையதானால் சூடேறியபின் மின்சாரத்திலிருந்து பிரித்துவிட்டுத் தொடுவது நல்லது. ஒரு கணக் குறுக்குச்சுற்று போதும், எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும்.

எண்கள் போனால் மறுபடி எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எழுதலாம். 3458ஏ தன் நேர்மின்னழுத்த, மின்தடை அளவுகளுக்கு வெளியிலிருந்து கேட்பது ஒரு 10 வோல்ட் நியமமும் ஒரு 10 கிலோ ஓம் மின்தடையும் மட்டுமே. ஆனால் அந்த நியமங்கள் நம்பத்தக்கவையாக இருக்க வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டும், பணம் வேண்டும். சில கருவிகளுக்கோ உற்பத்தியாளரின் மென்பொருளே தேவை. அது ஓடிய பழைய கணினியைத் தேடுவது தனிக்கதை. இவற்றைவிடப் பெரிய இழப்பு வேறு. அளவியலாளர் கருவியை நம்புவது, அது இன்று சரியாக இருப்பதால் மட்டுமல்ல. ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரிந்திருப்பதால். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டே அந்த நகர்வு அறியப்படுகிறது. எண்கள் அழிந்து மறுபடி திருத்தப்பட்ட கருவி அன்றைய தினத்துக்குத் துல்லியமானது. சென்ற ஆண்டு அது செய்த அளவுகளில் எவ்வளவு பிழை இருந்தது என்பதைச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை.

டல்லஸ் நிறுவனத்தை 2001இல் மாக்சிம் வாங்கியது. டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஆஸிலோஸ்கோப்பை வைத்திருப்பவர்கள் பலர் இன்று அக்கருநிறக் கட்டியை எடுத்துவிட்டு, பேட்டரியே தேவைப்படாத ஃபெர்ரோமின் நினைவகச் சில்லைப் பொருத்துகிறார்கள். அதுவும் எல்லாச் சுற்றுகளுக்கும் பொருந்திவராது. ஒவ்வொரு வாசிப்புக்கும் அதன் வாயில் சமிக்ஞை புதிதாக விழ வேண்டும், பழைய சுற்றுகள் சில அவ்வாறு செய்வதில்லை. அத்தகைய இடங்களில் மறுபடியும் பேட்டரிதான். மாற்றியவர்கள் அதன் மேல் தேதியை எழுதி ஒட்டுகிறார்கள். எண்களைத் தாளில் அச்சிட்டு மேலுறையின் உட்புறம் மடித்து வைப்பவர்களும் உண்டு.