பெரும்பாடு

என் பெரியம்மா சேத்துப்பட்டில் ஆரணிப் பட்டுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தவள். தீட்டு நின்று ஆறு வருஷம் கழித்து அவளுக்கு மறுபடி ரத்தம் பட்டது. வெளியில் மூச்சு விடவில்லை. என் அம்மாவிடம் மட்டும் 'பெரும்பாடு' என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கிறாள். ராட்டினத்தை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் வீட்டு ஆண்களுக்குத் தெரிந்தது. செத்த பிறகு எழுதிக்கொண்ட காரணம்: வயிற்று வலி.

சரித்திரம் என்பது பதிவேட்டில் ஏறியவர்களின் சரித்திரம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

1842இல் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற இத்தாலிய மருத்துவர் வெரோனா நகரத்து இறப்புப் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார். கர்ப்பப்பைப் புற்று மணமானவர்களிடம் அதிகம், கன்னியாஸ்திரீகளிடம் அரிது. மார்புப் புற்றோ கன்னியாஸ்திரீகளிடம் அதிகம். இதற்காக அவர் கத்தியை எடுக்கவில்லை. பெயர்களுக்கு எதிரே எழுதியிருந்ததைக் கூட்டினார், அவ்வளவே. 'பெண்நோய்' என்று மூடிவைத்திருந்த ஒன்று அங்கே இரண்டாகப் பிரிந்தது.

இரண்டு பாதையிலும் பின்னால் ஆட்கள் நடந்தார்கள். 1896இல் ஜார்ஜ் பீட்சன், மார்புப் புற்று முற்றிய ஒரு பெண்ணின் சினைப்பைகளை நீக்கியதும் கட்டி சுருங்கியதை எழுதினார். ஹார்மோன் என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததே 1905இல்தான். மற்றொரு பாதையில், 1983இலும் 1984இலும் ஹரால்ட் ஸூர் ஹாஸனின் குழு கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பாப்பிலோமா வைரஸின் 16, 18ஆம் வகைகளைக் கண்டது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு. உறவில் தொற்றும் கிருமி அது; ஒழுக்கத்தின் அளவுகோல் அல்ல. புருஷனைத் தவிர வேறொருவரை அறியாதவளுக்கும் அது வரும். நம் வீடுகளில் வாயை அடைப்பது நோயல்ல, இந்தக் குழப்பம்தான்.

இங்கும் ஒரு சாவிலிருந்துதான் தொடங்கியது. தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்காத முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார், படுக்கைகள் 12. அங்கிருந்தே 1980களில் சென்னை நகரத்துப் புற்றுநோய்ப் பதிவேடும் வந்தது. அன்று பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்று முதலிடம். இன்று அந்த இடம் மார்புப் புற்றுக்கு.

2000இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு சோதனை தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசெடிக் அமிலம் தடவுவார்கள். நம் காடியில் இருக்கும் அதே புளிப்பு. கோளாறான இடம் ஒரு நிமிஷத்தில் வெளுக்கும். பயிற்சி பெற்ற நர்ஸ் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்வாள். 2007இல் முடிவு வெளியானது: சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்றால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைவு.

எதைவிடக் குறைவு? ஒப்பிட வேறு கிராமங்கள் இருந்தன. அங்கே வழக்கமான வைத்தியம் மட்டும். அந்தப் பெண்களின் சாவைக் கொண்டுதான் அந்த 35 கணக்கிடப்பட்டது. மலிவான புளிப்பு நீரைப் பற்றி நாம் பெருமைப்படும்போது அவர்களையும் நினைக்கவேண்டும். அவர்களாவது எண்ணப்பட்டார்கள்.

பெரியம்மாவுக்கு வந்தது எந்தப் பாதையின் நோய்? கர்ப்பப்பையின் வாயா, ஹார்மோன் ஆளும் உட்சுவரா? பிரித்துப் பார்க்க எந்த ரிகோனி-ஸ்டெர்ன் வந்தாலும் அவருக்குக் கிடைப்பது 'வயிற்று வலி' என்ற இரண்டு சொற்கள்தான்.