போதையில் வாகனம் ஓட்டிய வழக்கில் எதிர்வாதம்

போதையில் வாகனம் ஓட்டிய வழக்கில் எதிர்வாதம் என்பது, இந்தியாவில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185 ஆவது பிரிவின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டவர், அரசுத் தரப்புச் சான்றுகளை நீதிமன்றத்தில் மறுத்துரைக்கும் நடவடிக்கையாகும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது சோதனையில் தெரியவருதல், வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதைமருந்தின் பிடியில் இருத்தல் என இக்குற்றம் இருவகைப்படும். முன்னதில் அளவே குற்றத்தைத் தீர்மானிப்பதால், எதிர்வாதம் மூச்சுச் சோதனைக் கருவியின் துல்லியத்தையும் இரத்த மாதிரியை எடுத்துப் பாதுகாத்த முறையையும் சார்ந்து அமைய, பின்னதில் கட்டுப்பாட்டை இழந்த நிலை மெய்ப்பிக்கப்பட்டதா என்பதே முதன்மை பெறுகிறது. மதுவாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு ஆகியவற்றை மட்டும் கொண்டு, இரத்த அல்லது சிறுநீர்ச் சோதனையின்றி, ஒருவர் போதையில் இருந்ததாக முடிவுசெய்ய இயலாது என உச்ச நீதிமன்றம் 1971 இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.